கடலுக்குச் சமிபாடு எப்படி?

கேள்வி: பண்ணைப் பாலத்தால் போகும்போது மூக்கைப் பொத்த வேண்டியிருக்கிறதே, கடல் அழுகிவிட்டதா?
– கொட்டடி வாசகி

பதில்: அழுகவில்லை, சமித்துக்கொண்டிருக்கிறது. களப்புச் சேற்றில் சில மில்லிமீற்றர் ஆழத்திலேயே ஒட்சிசன் தீர்ந்துவிடும். அங்குள்ள பற்றீரியாக்கள் அதற்காக மூச்சை நிறுத்துவதில்லை. லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று கடல்நீரில் உண்டே! அதைக்கொண்டு சுவாசித்து, ஐதரசன் சல்பைட்டை வெளிவிடுகின்றன. கூழ்முட்டை நாற்றம் அதுதான். அது இரும்போடு சேர்வதால்தான் சேறும் கறுக்கிறது.

கேள்வி: வாயே இல்லாத பற்றீரியா எப்படிச் சாப்பிடும்?
– குருநகர் மாணவன்

பதில்: முதலில் சமிபாடு, பிறகுதான் சாப்பாடு! நொதியங்களை வெளியே விட்டு, செத்த மீனின் புரதத்தையும் பாசியின் மாப்பொருளையும் துண்டாக்கி, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு மில்லிலீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 10 இலட்சம் பற்றீரியாக்கள் இருக்கும். நீந்தும்போது ஒரு மிடறு விழுங்கினால் கணக்குப் பார்க்காதே, இரவு சோறு இறங்காது.

கேள்வி: இவற்றால் தொழிலுக்குப் போகும் எங்களுக்கு என்ன லாபம்?
– மாதகல் மீனவர்

பதில்: நீரில் கரைந்துபோன சேதனப் பொருளைப் பற்றீரியா உண்ண, பற்றீரியாவை நுண்விலங்குகள் உண்ண, வீணாய்ப் போக இருந்த சத்து உணவுச்சங்கிலிக்குத் திரும்புகிறது. இதை 1983இல் ஃபரூக் அசாமும் சகாக்களும் விளக்கினார்கள். உக்கியதிலிருந்து வரும் நைதரசனும் பொசுபரசும் மிதக்கும் நுண்தாவரங்களுக்குப் பசளை. உங்கள் வலையில் சூடை விழுந்தால் அதில் பற்றீரியாவின் உழைப்பும் உண்டு. பங்குக்காசு கேட்காத ஒரே பங்காளி!

கேள்வி: உப்பில் எதுவும் வாழாது என்றார்கள். என் கருவாடு ஏன் இளஞ்சிவப்பாகிறது?
– கொடிகாமம் இல்லத்தரசி

பதில்: உப்பில்தான் வாழ்வேன் என்று அடம்பிடிக்கும் நுண்ணங்கிகளும் உண்டு. வெயிலில் விளைந்த உப்போடு சேர்ந்து வந்து, ஈரமும் வெப்பமும் கிடைத்தால் கருவாட்டில் பெருகும். உப்பளப் பாத்தி சிவப்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. சிவந்த கருவாடு பழுதான கருவாடு. குழம்புக்கு வேண்டாம். அடுத்த முறை நன்றாகக் காயவிட்டு, ஈரம் படாமல் வையுங்கள்.

கேள்வி: கடலில் எறிந்தால் எல்லாம் உக்கிவிடும்தானே?
– பெயர் வேண்டாம், காங்கேசன்துறை

பதில்: பெயர் வேண்டாம் என்றபோதே பை கையில் இருப்பது தெரிகிறது. 1968இல் அமெரிக்காவின் அல்வின் நீர்மூழ்கி, ஆட்கள் தப்பிக்க, மதியச் சாப்பாட்டோடு ஏறத்தாழ 1,500 மீற்றர் ஆழத்தில் மூழ்கியது. பத்து மாதம் கழித்துத் தூக்கினால் சான்விச்சும் அப்பிளும் பெரிதாகப் பழுதாகவில்லை! குளிரும் அழுத்தமும் நுண்ணங்கிகளை அவ்வளவு மந்தமாக்கிவிட்டன. அப்பிளுக்கே இந்தக் கதி என்றால் பொலித்தீனுக்கு? சரி, மீன் கழிவு உக்கும்தானே என்பீர்கள். உக்கும். ஆனால் நீரோட்டம் குறைந்த களப்பில் அளவுக்கு மிஞ்சிக் கொட்டினால், அதை உக்கவைக்கவே ஒட்சிசன் தீர்ந்து, உயிரோடிருக்கும் மீனும் செத்து மிதக்கும். மீன் கழிவைத் தென்னைக்குப் புதையுங்கள், பொலித்தீன் பையை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோங்கள்.