கொட்டு யாருதுல, பேராண்டி?

சண்டையை மட்டும் நிறுத்திராதல பேராண்டி. நிறுத்தினா எனக்குப் பொழுது போகாது. ஹிப் ஹாப்புல பெரிய ப்ரொட்யூசர் டாக்டர் ட்ரேயா, ஜே டில்லாவான்னு நீயும் உன் சித்தப்பா மவனும் தொண்டை கிழியக் கத்துதீங்க. கத்துங்க, நல்லதுதான். ஆனா கத்துததுலயும் ஒரு லெச்சணம் வேண்டாமா? அவன் ஒரு பேரைச் சொல்லுதான், நீ ஒரு பேரைச் சொல்லுத. பொறவு அதே பேரை இன்னும் சத்தமாச் சொல்லுத. இதுக்கு எதுக்குல காலேஜுப் படிப்பு? ஊரு ஊராப் போயி மைக்செட் கட்டின கெழவன் சொல்லுதேன், உக்காந்து கேளு.

மொதல்ல காசுப் பேச்சை விடு. 2014-ல ஆப்பிள்காரன் ட்ரே கம்பெனியை 300 கோடி டாலர் குடுத்து வாங்கினான்னு நெஞ்சை நிமித்திச் சொன்னியே, அது ஹெட்போன் கம்பெனிலா? ஹெட்போன் வித்த காசைக் கொண்டாந்து பீட் கணக்குல எழுதினேன்னு வையி, அவன் கான்யே வெஸ்ட் செருப்பு வித்த காசைக் கொண்டாருவான். அப்ப என்ன பண்ணுவ?

ட்ரேக்கு வக்காலத்து வாங்கணும்னா 1992 கடைசியில வந்த 'தி க்ரானிக்'கைப் போடு. போட்டுட்டு நீ பேசாத, அது பேசட்டும். வேகத்தைக் கொறைச்சு, அடியில தடிமனா ஒரு பேஸ், உச்சியில மெல்லிசா இழுத்துக்கிட்டே போற சின்த் சத்தம். நடுவுல காலி எடம். அந்தக் காலி எடத்தைப் பாத்துக்கோ. ஸ்பீக்கர் கட்டினவனுக்குத்தான் தெரியும், சத்தத்தை ஏத்துதது லேசு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காராம வைக்கதுதான் பாடு. பார்லிமென்ட்-ஃபங்கடெலிக் ஆளுக பாட்டை நெறைய எடத்துல வெட்டி ஒட்டாம, வாத்தியக்காரங்களை உக்கார வச்சுத் திரும்ப வாசிக்க வச்சான். அது ஏன்னு பொறவு சொல்லுதேன், அதுல ஒரு சூட்சுமம் இருக்கு.

உன் தம்பி விடுவானா? 1999-ல வந்த 'ஸ்டில் டி.ஆர்.ஈ.' பாட்டுல அந்த பியானோ ஸ்காட் ஸ்டார்ச் விரலு, ட்ரே விரலு இல்லைம்பான். நெசந்தான். கல்யாண வீட்டுத் தவசுப்பிள்ளை வெங்காயமா உரிக்கான்? கரண்டியில ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில விட்டு நக்கிப் பாத்துட்டு, "இன்னும் ஒரு கொதி"ம்பான். அம்புட்டுத்தான். சாம்பார் யாரு பேருல ஓடுது? இதைச் சொன்னா அவன் கொஞ்ச நேரம் வாயடைச்சு நிப்பான். பொறவு, வருசக்கணக்கா வரும் வரும்னு சொன்ன 'டிடாக்ஸ்' ஆல்பம் எங்கம்பான். அசராத. அது நல்லா வரலைன்னு 2015-ல ட்ரே தன் வாயாலயே சொல்லிக் கைவிட்டுட்டாரு. பதம் தப்பினதைப் பந்தியில வைக்காம அண்டாவோட கவுத்துனவன் எங்காளுன்னு சொல்லிரு.

இப்ப டில்லா. எதிராளி கையில இருக்க அருவாளும் உனக்குத் தெரியணும்லா. ஆளு டெட்ராய்ட்டு. எம்பிசி 3000-ன்னு ஒரு பெட்டி, அதுல பதினாறு ரப்பர் கட்டை. விரலால தட்டணும். நீ கொஞ்சம் முன்னப் பின்ன தட்டினாலும் பெட்டியே அதைத் தாளத்துல நேராக்கி வச்சிரும். அந்த வசதிக்காகத்தான் ஊரு உலகமே அதை வாங்கிச்சு. இவன் என்ன செஞ்சான்? நேரா இருந்ததை வேணும்னே கோணலாக்கினான். ஸ்னேர் ஒரு மயிரிழை முந்தி விழும், கிக் ஒரு மயிரிழை பிந்தி விழும். தப்புன்னும் சொல்ல முடியாது, சரின்னும் சொல்ல முடியாது. கேக்கவன் கழுத்து மட்டும் தன்னால ஆடும். தி ரூட்ஸ் குழுவுல ட்ரம்ஸ் அடிக்க க்வெஸ்ட்லவ், ஒழுங்கா அடிக்கத் தெரிஞ்ச மனுசன், மெனக்கெட்டு இந்தக் கோணலைப் படிச்சாரு. அந்தப் பெட்டி இப்ப வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் மியூசியத்துக்குப் போயிட்டு.

'டோனட்ஸ்' ஆல்பம் 2006 பிப்ரவரி 7-ல வந்தது. அன்னைக்கு அவனுக்கு 32-வது பொறந்தநாளு. மூணாம் நாளு போய்ச் சேந்துட்டான். இதை உன் தம்பி கண்ணு கலங்கச் சொல்லுவான். நீயும் தோள்துண்டை எடுத்து மடியில வச்சிக்கிட்டு செத்த நேரம் சும்மா இரு, மரியாதை. அப்புறம் மெதுவாக் கேளு: "எழவு வீட்டுல கணக்குப் பாக்கக் கூடாது, ஒத்துக்கிடுதேன். கணக்குப் பாக்குத எடத்துல ஒப்பாரி வைக்கலாமா?"

இம்புட்டும் ஒப்புக்குச் சொன்னேன். நான் கேக்க நெனச்சது வேற. ரெண்டு பேரும் பீட் பீட்டுங்கியளே, கொட்டு யாருதுல?

நியூயார்க்குல குயின்ஸ்பிரிட்ஜ்னு ஒரு குடியிருப்பு. அங்க மார்லி மார்ல்னு ஒருத்தன். எண்பதுகள் நடுவாக்குல பழைய ரெக்கார்டுல இருந்து ஒரு துண்டுச் சத்தத்தை மெஷின்ல புடிக்கப் போனான். கூடவே ஒரு ஸ்னேர் அடியும் மாட்டிக்கிட்டு. அழிக்கதுக்கு முன்னால தட்டிப் பாத்தான். ஆகா, எவனோ எப்பவோ அடிச்ச அடியைத் தனியாப் பிரிச்சு எடுத்து நம்ம தாளத்துல வச்சுக்கிடலாமேன்னு தோணிச்சு. அதுவரைக்கும் மெஷினுக்குள்ள கம்பெனிக்காரன் போட்டு அனுப்பின சத்தந்தான் பொதுவா கொட்டு. அன்னைக்கு மாறினதுதான். நீ சொன்னவனும் அவன் சொன்னவனும் அந்த வாசல் வழியாத்தான் உள்ள வந்தாங்க.

1987-ல எஸ்பி-1200-ன்னு ஒரு பெட்டி வந்தது. அதுக்குள்ள மொத்தமே பத்து செகண்டுச் சத்தந்தான் அடங்கும். பயலுக என்ன பண்ணினாங்க தெரியுமா? 33-ல ஓட வேண்டிய ரெக்கார்டை 45-ல ஓட்டிப் புடிச்சாங்க. வேகமா ஓடினா கொஞ்ச எடத்துல நெறைய அடங்கும்லா? பொறவு பெட்டிக்குள்ள வச்சு வேகத்தைக் கொறைச்சுப் பழையபடி ஆக்கிக்கிட்டாங்க. அப்படிச் செய்யும்போது சத்தம் மங்கி, மணலு மணலா வரும். அந்த மணலைத்தான் இன்னைக்குக் காசு குடுத்துத் தேடுதாங்க. 45-ல ஓட்டுத வித்தை எனக்கும் தெரியும்ல. கோயில் கொடையில ஒருதரம் சீர்காழி கோவிந்தராஜன் தட்டை அப்படி ஓட்டி, அந்த வெங்கலக் குரலைப் பொடிப்பய குரலாக்கிட்டேன்னு தர்மகர்த்தா என்னைப் பந்தலைச் சுத்தி வெரட்டினாரு. அதே வேலையை அமெரிக்காவுல செஞ்சவனைக் கலைஞன்ங்காங்க. எல்லாம் பொறந்த எடம்.

சரி, அந்தக் கொட்டை மொதல்ல அடிச்சவன் யாரு? 1969 நவம்பர்ல, சின்சினாட்டியில, ஜேம்ஸ் பிரவுன் 'ஃபங்கி ட்ரம்மர்' பாட்டைப் பதிவு பண்ணுதாரு. நடுவுல மத்தவங்களை அடக்கிட்டு, ட்ரம்ஸ்காரனைத் தனியா விடுதாரு. சுமாரா 20 செகண்டு. அடிச்சவன் பேரு கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு. பப்ளிக் எனிமி குழு அதை எடுத்தாங்க, உன் ட்ரே இருந்த என்.டபிள்யூ.ஏ. எடுத்தாங்க, ஆயிரத்துக்கு மேல பாட்டுல அந்தக் கை ஓடுது. பாட்டுக்கு உரிமை ஜேம்ஸ் பிரவுன் பேருல. அடிச்சவனுக்கு அதுல பங்கு கெடையாது. விஸ்கான்சின்ல மேடிசன் ஊருல வாசிச்சுக்கிட்டுக் காலத்தை ஓட்டினாரு. புத்துநோய் வந்தப்ப ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினது பாடகர் பிரின்ஸ், வெளியில மூச்சு விடாம. 2017-ல ஸ்டபிள்ஃபீல்டும் போயிட்டாரு. நீங்க போடுத பெரிய ஆளுக பத்துப் பேரு பட்டியல்ல அவரு எத்தனாவது? தலையைச் சொறியாத.

இப்ப அந்தச் சூட்சுமத்துக்கு வாரேன். 1991-ல பிஸ் மார்க்கின்னு ஒரு தமாசுக்காரன், கில்பர்ட் ஓ'சல்லிவன் பாட்டுல இருந்து கேக்காம எடுத்துட்டான். கேஸு. நியூயார்க் ஜட்ஜு, களவு செய்யாதேங்க பைபிள் கட்டளையை எழுதித்தான் தீர்ப்பையே ஆரம்பிச்சாரு. பாட்டு விக்கக் கூடாதுன்னுட்டாரு. அவன் 1993-ல அடுத்த ஆல்பத்துக்கு என்ன பேரு வச்சான் தெரியுமா? 'ஆல் சாம்பிள்ஸ் கிளியர்ட்!' எல்லாத்துக்கும் அனுமதி வாங்கியாச்சு, போங்கலங்கான். எனக்கு இந்தக் கூட்டத்துலயே ரொம்பப் புடிச்ச ஆளு அவந்தான்.

அதுக்குப் பொறவு ஒவ்வொரு துண்டுக்கும் துட்டு. 1988-ல பாம் ஸ்குவாட் ஆளுக பப்ளிக் எனிமிக்குச் செஞ்சாங்களே, ஒரு பாட்டுக்குள்ள எத்தனையோ ரெக்கார்டைத் திணிச்சு இரைச்சலையே இசையாக்கினது, அதை இன்னைக்குச் செஞ்சா வக்கீல் பீஸுக்கே வீட்டை விக்கணும். ரெக்கார்டை வெட்டி எடுத்தா, பாட்டு எழுதினவனுக்கும் குடுக்கணும், பதிவு செஞ்ச கம்பெனிக்கும் குடுக்கணும். ஆளை வச்சுத் திரும்ப வாசிச்சா எழுதினவனுக்கு மட்டும் குடுத்தாப் போதும். ட்ரே வழி ஞானவழி மட்டும்னு நெனச்சியா? கல்லாப்பெட்டி வழியுந்தான்.

அந்தக் கல்லாப்பெட்டிக்கும் ஒருக்கா வெனை வந்தது. 2002-ல ட்ரேயோட ஆஃப்டர்மாத் கம்பெனி 'அடிக்டிவ்'னு ஒரு பாட்டை விட்டது. டிஜே குயிக் செஞ்சது. உள்ள லதா மங்கேஷ்கர் குரலு, 1981-ல வந்த 'ஜோதி' இந்திப் படத்துல பப்பி லஹிரி போட்ட பாட்டு. அவரு பேரைக் காணோம். பேரைப் போடாம விக்கக் கூடாதுன்னு அமெரிக்கக் கோர்ட்டே சொல்லிட்டு. இதை உன் தம்பிகிட்ட மட்டும் சொல்லிராத, உனக்குத்தான் நட்டம். நம்ம இளையராஜாவும் தப்பலல. 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்துப் பாட்டு பிளாக் ஐட் பீஸ் போட்ட 'எலிஃபங்க்' ஆல்பத்துக்குள்ள ஓடுது.

ஒரு பொம்பளை பேரு உங்க வாயில வந்ததால? 1979-ல 'ராப்பர்ஸ் டிலைட்'டை வெளியிட்டு இந்த ராப் பாட்டு வகையையே ஊருக்கெல்லாம் கொண்டு போனது நியூஜெர்சிக்காரி சில்வியா ராபின்சன். 1982-ல 'தி மெசேஜ்' வேண்டாம்னு கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் கூட்டமே மொரண்டு புடிச்சப்ப, புடிச்ச புடியில நின்னு செய்ய வச்சதும் அந்த அம்மாதான். பட்டியல் போடுதவன் எல்லாம் ஆம்பளை, வேற என்ன.

எனக்கு எந்த ப்ரொட்யூசரைப் புடிக்கும்னு கேக்க வாரியா? மவுண்ட் வெர்னன்காரன் பீட் ராக். 1992-ல, செத்துப்போன கூட்டாளி ட்ராய்க்காக சி.எல். ஸ்மூத்தோட சேந்து ஒரு பாட்டுச் செஞ்சான். அதுல டாம் ஸ்காட் ரெக்கார்டுல இருந்து எடுத்த சாக்ஸபோன் ஒண்ணு வரும், கேட்டுப் பாரு. ஆனா இதை வெளிய சொல்லாத.

நீ ராத்திரி போயி, ட்ரேயும் இல்ல டில்லாவும் இல்ல, மார்லி மார்ல்னு அடிச்சுச் சொல்லு. அவனுக்குப் பதில் இருக்காதுன்னு நெனைக்காத. காலையில அவன் எனக்குக் காப்பி வாங்கிட்டு வந்தான், டிஜே பிரீமியர் பேரைச் சொல்லிக் குடுத்துருக்கேன். சோறு தின்னுட்டு ஆரம்பிங்க. கொஞ்சம் சத்தமாவே பேசுங்க, எனக்கு இப்ப ஒரு காது மந்தம்.