தேதி குறிச்சாச்சு, பயமும் வந்தாச்சு!

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பகுதி புதுச்சேரி கதிர்காமத்திலிருந்து. ஒரு வீட்டில் ஒருவர் எழுதியதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து, விஷயம் முத்திரைப்பாளையம் மாமியார் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. எல்லாக் கடிதத்திலும் ஒரே பேச்சு: தேதி குறித்துச் செய்யும் சிசேரியன். அரசியல், சினிமாக் கேள்விகள் இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளட்டும்.

அக்கா, எனக்கு இது முதல் பிரசவம். குழந்தைக்குத் தலை மேலே, கால் கீழே. அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. வழுதாவூர் ரோட்டுல மெடிக்கல் காலேஜைத் தாண்டும்போதே கை நடுங்குது. வலி வந்து ஓடுறவங்களுக்குப் பயப்பட நேரமே கிடையாது. எனக்கு முழுசா ஏழு நாள் இருக்கே!
— கதிர்காமம் வாசகி

வாஸ்தவம் தங்கச்சி. திடீர்ப் பரீட்சையைவிடத் தேதி சொன்ன பரீட்சைதான் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் இந்தப் பரீட்சையை எழுதப்போவது டாக்டர். ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக் காகிதங்களை ஹால் டிக்கெட் மாதிரி எடுத்துக்கொண்டு நேரத்துக்குப் போய்ச் சேர்வதுதான் உன் வேலை.

நிறைமாதத்தில் நூறு குழந்தைகளில் மூன்று நான்கு இப்படித் தலைமாறித்தான் இருக்கும். நீ குனிந்ததும் நிமிர்ந்ததும் அதற்குக் காரணமல்ல.

அன்றைக்கு நடக்கப்போவதை அப்படியே சொல்கிறேன், கேள். சாப்பாட்டை ஆறு மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வெறும் தண்ணீர் பெரும்பாலும் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். உன் ஆஸ்பத்திரியில் இன்னும் முன்னதாக நிறுத்தச் சொன்னால் அதையே கேள். கையில் ஊசி ஏற்றி, சீழ் பிடிக்காமலிருக்க ஆன்டிபயாடிக் மருந்தைக் கத்தி வைப்பதற்கு முன்பே போடுவார்கள். தியேட்டருக்குள் குளிரும். உடம்பு நடுங்கினால் அதைப் பயம் என்று நினைத்துக்கொள்ளாதே. குளிரும் நடுக்கும், மருந்தும் நடுக்கும். கூசாமல் போர்வை கேள்.

பிறகு முதுகில் ஊசி. உட்கார்ந்தோ ஒருக்களித்துப் படுத்தோ உடம்பை வளைக்கச் சொல்வார்கள். இறால் எப்படிச் சுருளும் என்று கடலோரத்துக்காரிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் தோல் மரக்க ஒரு சின்னக் குத்தல், அப்புறம் மெல்லிய ஊசி. சில நிமிடங்களில் கால் வெதுவெதுப்பாகி, கனத்து, உன் பேச்சைக் கேட்காமல் போகும். மூத்திரக் குழாய் வைப்பதும் பெரும்பாலும் மரத்த பிறகுதான், அதனால் அதை நினைத்தும் கவலை வேண்டாம். சில்லென்ற பஞ்சாலோ, கிள்ளியோ மரத்துவிட்டதா என்று சோதித்துப் பார்த்த பிறகே ஆரம்பிப்பார்கள்.

உன்னைக் கொஞ்சம் இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைப்பார்கள். நிறைவயிற்றின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தக்கூடாது என்பதற்காக. மருந்தால் ரத்த அழுத்தம் இறங்கி, குமட்டலோ கிறுகிறுப்போ வரலாம். வந்த நொடியே சொல். மயக்க மருந்து டாக்டர் உன் தலைமாட்டிலேயே நிற்பார், அதற்கான மருந்தும் அவர் கையெட்டும் தூரத்தில் இருக்கும்.

நெஞ்சுக்குக் குறுக்கே திரை கட்டிவிடுவதால் நீ எதையும் பார்க்க மாட்டாய். வலி தெரியாது. ஆனால் அழுத்துவதும் இழுப்பதும் நன்றாகவே தெரியும். அரிசி மூட்டையை அசைத்து இறக்குகிறார்களோ என்று தோன்றும். இதை முன்கூட்டிச் சொல்லாததால்தான் பல பெண்கள், மருந்து வேலை செய்யவில்லை என்று அந்த நேரத்தில் பதறுகிறார்கள். சாதாரணமாக, ஆரம்பித்துப் பத்து நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வந்துவிடும். தையலுக்குத்தான் அரை மணிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் உனக்குப் பார்க்க ஒரு முகம் இருக்கும், ஆகவே மணி எவ்வளவு என்று கேட்க மாட்டாய்.

மருமகளுக்கு ஆபரேஷன்தான்னு ஆயிடுச்சு. எப்படியும் அறுக்கப்போறாங்க, அப்ப நல்ல நட்சத்திரத்துல எடுத்தா என்ன? ஜோசியர் கொடுத்த நாள் முப்பத்தேழாவது வாரத்துல வருது. டாக்டர் ஒத்துக்க மாட்டேங்குறாங்க.
— முத்திரைப்பாளையம் மாமியார் ஒருவர்

அம்மா, பேரப்பிள்ளைக்கு நல்லது நடக்கவேண்டும் என்றுதானே ஜோசியரிடம் போனீர்கள்? டாக்டரும் அதற்காகத்தான் மறுக்கிறார். வேறு சிக்கல் இல்லாதபோது சிசேரியனை 39 வாரம் முடிந்த பிறகு வைப்பதற்குக் காரணம் நுரையீரல். அதற்கு முன்னால் எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் வந்து, தனி வார்டில் வைத்துப் பார்க்கவேண்டிய நிலை அதிகம். ஒன்பது கிரகமும் உச்சத்தில் நின்றாலும் மூச்சைக் குழந்தைதான் இழுத்து விட்டாகவேண்டும்.

ஒரு வழி சொல்கிறேன். முதலில் டாக்டரிடம் இரண்டு மூன்று தேதிகள் வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போங்கள். ராகுகாலம் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தானே? மிச்ச நேரத்தில் அவரால் ஒரு நல்ல முகூர்த்தம் கண்டுபிடிக்க முடியும். ஒன்று மட்டும்: குறித்த நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டால், பஞ்சாங்கத்தை அப்படியே மூடிவைத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

இப்பெல்லாம் தொட்டதுக்கெல்லாம் சிசேரியன்னு சொல்றாங்களே, எனக்கு நிஜமாவே தேவையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?
— தட்டாஞ்சாவடி

நியாயமான சந்தேகம், அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூறு பிரசவத்துக்கு 21.5 சிசேரியன், பக்கத்துத் தமிழ்நாட்டில் 44.9. ஒரு சமூகத்தில் இந்த அளவு 10 சதவீதத்தைத் தாண்டினால் அதனால் கூடுதலாக உயிர்கள் பிழைப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஆனால் இவை ஊர்க்கணக்கு. உன் வயிற்றுக்கு உன் ஸ்கேன்தான் கணக்கு. நஞ்சு கீழிறங்கிக் கருப்பை வாயை மூடியிருந்தால் சிசேரியன் தவிர வேறு வழியில்லை, அங்கே விவாதத்துக்கே இடமில்லை. குழந்தை தலைமாறியிருந்தால், சிலருக்கு வயிற்றுக்கு மேலிருந்தே கையால் திருப்பிப் பார்க்க முடியும். முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களில், தகுதியானவர்கள் முயன்றால் நூற்றில் 60 முதல் 80 பேருக்கு அடுத்தது இயல்பாகவே பிறக்கிறது. பழைய தையல் விடும் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அந்த ஒன்று பெரிய ஆபத்து. அதனால் உடனே ஆபரேஷன் செய்ய வசதியுள்ள இடத்தில்தான் முயலவேண்டும்.

ஆகவே டாக்டரிடம் நேராகக் கேள்: "எனக்கு என்ன காரணத்துக்காக? காத்திருந்தால் என்ன ஆகும்?" கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதே. பதில் தெரிந்துகொண்டு தியேட்டருக்குள் போகிறவளுக்குக் கால் அவ்வளவாகத் தளராது.

மெட்டி, கொலுசு, தாலி எல்லாத்தையும் கழட்டணுமா?
— சண்முகாபுரம்

உலோகம் வேண்டாம், உள்ளே மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள். தாலியை மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. மனசில்லை என்றால் முந்தின நாளே நர்ஸிடம் கேள். நகச்சாயமும் வேண்டாம். உன் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளக்கும் கருவி விரல் நுனியில்தான் உட்காரும்.

முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி நிக்காதாமே?
— ரெட்டியார்பாளையம்

ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். ஆயுள் வலிக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஊசி போடாமல் பெற்றவர்களுக்கும் முதுகு வலிக்கிறது. ஒன்பது மாதம் முன்பக்கம் சுமந்த முதுகு, அப்புறம் இரவெல்லாம் கூனிக் குனிந்து பால் கொடுக்கும் முதுகு. பாவம், பழி மட்டும் ஊசிக்கு! முதுகுக்கு ஒரு தலையணை, மடியில் ஒரு தலையணை வை. குழந்தையை மார்புக்குக் கொண்டுவா, மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாதே. எழுந்து உட்கார்ந்தால் தாங்கமுடியாத தலைவலி, படுத்தால் குறைகிறது என்றால் மட்டும் ஆஸ்பத்திரியில் சொல். சிலருக்கு இந்த ஊசியால் வருவது அது, வைத்தியம் உண்டு.

எங்க ஆயா, "வயித்தைக் கிழிச்சா பொம்பள பொழைக்க மாட்டா"ன்னு அழுதுகிட்டே இருக்காங்க. அவங்களைச் சமாதானப்படுத்துறதா, நான் சமாதானமாகுறதா?
— கதிர்காமம்

ஆயாவைக் கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பயம் அவருக்கு அவருடைய ஆயா கொடுத்தது. அதற்குக் காரணமும் இருந்தது.

திண்டிவனம் நமக்குப் பக்கம்தானே. 1890-களில் அங்கே நடந்தது இது. அமெரிக்காவிலிருந்து பெற்றோரைப் பார்க்க வந்திருந்தாள் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிக்கும் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ஐடாவின் அப்பா டாக்டர், வர அவர் தயார். ஆனால் அந்நிய ஆண் எங்கள் பெண்ணைத் தொடக்கூடாது, நீ வா என்றார்கள். அவளுக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அந்த இரவுதான் அவளை டாக்டருக்குப் படிக்க வைத்தது. 1899-ல் பட்டம் வாங்கித் திரும்பிவந்து வேலூரில் அவர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. அப்படிப்பட்ட இரவுகளிலிருந்து வந்த பயம் ஆயாவுடையது.

கத்தி எடுத்தாலும் அந்தக் காலத்தில் கதை வேறு. கோரிமேடு ஜிப்மருக்கு மூலமான மருத்துவப் பள்ளியைப் பிரெஞ்சுக்காரர்கள் 1823-லேயே இங்கே தொடங்கிவிட்டார்கள். ஆனால் வலி தெரியாமல் செய்யும் மயக்க மருந்து அப்போது பரவலான புழக்கத்துக்கு வரவில்லை. ஈதர் வந்தது 1846-ல். அதற்கும் முன், 1826-ல், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஜேம்ஸ் பாரி என்ற ராணுவ டாக்டர் சிசேரியன் செய்து தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அது அவ்வளவு அபூர்வம் என்பதால் பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்த ஜேம்ஸ் பாரி பெண்ணாகப் பிறந்து, இளவயதிலிருந்து இறக்கும்வரை ஆணாக வாழ்ந்தவர் என்பது தனிக்கதை. அந்நாளில் அறுத்த கருப்பையைப் பெரும்பாலும் தைக்காமலே விட்டுவிடுவார்கள், பெண்கள் ரத்தம் போயே இறந்தார்கள். அதை ஒழுங்காகத் தைக்கவேண்டும் என்று 1882-ல் காட்டியவர் ஜெர்மனியின் மாக்ஸ் சாங்கர். 1901-ல் லாண்ட்ஸ்டெய்னர் என்ற டாக்டர் ரத்தத்தை வகை பிரித்தார். பிறகு பெனிசிலின் வந்தது. வலி, ரத்தம், சீழ் என்று ஆயா பயந்த மூன்றுக்கும் இன்றைக்கு உன் கட்டில் பக்கத்திலேயே ஆள் இருக்கிறது. இதை ஆயா கையைப் பிடித்துக்கொண்டு சொல். சொல்லும்போதே நீயும் சமாதானமாகிவிடுவாய்.

பக்கத்து வீட்டு அக்கா, "உனக்கென்ன, வலியே படாம பெத்துக்கப்போறே, இதெல்லாம் ஒரு பிரசவமா"ன்னு கேட்டாங்க. ராத்திரி பூரா அழுதேன்.
— இந்திரா நகர்

அழுததற்கு அர்த்தம் உண்டு, அந்தச் சொல் சுடும் சொல். ஆனால் முருகன் குடியிருக்கும் இலங்கைக் கதிர்காமத்தின் பெயரையே கொண்ட ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறார்? முருகன் எப்படிப் பிறந்தான்? சிவனின் நெற்றிக்கண் பொறியில். யாருக்கும் இடுப்புவலி வரவில்லை. சரவணப் பொய்கையில் எடுத்துப் பால் கொடுத்தவர்கள் ஆறு கார்த்திகைப் பெண்கள். அவர்களை அம்மா இல்லை என்று யாராவது சொன்னதுண்டா? கார்த்திகேயன் என்று அவர்கள் பெயரைத்தான் அவன் சுமக்கிறான்.

தோல், கொழுப்பு, தசையுறை, வயிற்றுச் சவ்வு, கருப்பை என்று அடுக்கடுக்காகத் திறந்து, மறுநாளே எழுந்து நின்று பிள்ளையைத் தூக்குகிறவளிடம் வலியைப் பற்றிப் பேச அந்த அக்காவுக்குத் துணிச்சல் அதிகம். 'சுகப்பிரசவம்' என்ற சொல்லை ஒருவழிக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம். தாயும் பிள்ளையும் நன்றாக வீடு வந்தால் அது சுகம்தான். பிள்ளையின் ஆதார் அட்டையில் எந்த வழியாக வந்தது என்று கேட்க ஒரு கட்டமும் கிடையாது.

அக்கா, நான் கணவன். நான் என்ன செய்யணும்?
— கதிர்காமம் வாசகர்

தம்பி, இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ரத்தம் தேவைப்பட்டால் யாரிடம் கேட்பது என்று இப்போதே விசாரித்துவை. அரசு ஆஸ்பத்திரி என்றால், 2011 ஜூன் 1-ல் வந்த ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டத்தின்படி சிசேரியன், மருந்து, ரத்தம் எல்லாமே இலவசம். தாய்க்கு 7 நாள் வரை சாப்பாடும், வீடு திரும்ப வண்டியும் உண்டு. மத்திய அரசு விடுப்பு விதிகளில் வருகிறவன் என்றால் உனக்கு 15 நாள் விடுப்பு இருக்கிறது. அதை மீன் குழம்பு சாப்பிட்டுத் தூங்கிக் கழிக்காதே. அவள் குழந்தையைவிடக் கனமான எதையும் சில வாரம் தூக்கக்கூடாது. தண்ணீர்க் குடம் உனக்கு. இராத்திரி பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பதும் உனக்கு.

ஆபரேஷன் ஆனவளுக்குத் தண்ணீர் கொடுத்தா தையல் சீழ் பிடிக்கும்னு அம்மா சொல்றாங்க. சுறாப்புட்டாவது உண்டா?
— தட்டாஞ்சாவடி

தண்ணீர் குடித்தால் தையலில் சீழ் வராது. குடிக்காவிட்டால் மலச்சிக்கல் வரும், முக்கினால் தையல் வலிக்கும். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுப்பதே உடம்பு தண்ணீர் கேட்பதுதான். பூண்டு போட்ட சுறாப்புட்டு, காய்கறி, பருப்பு எல்லாம் தாராளமாகச் சாப்பிடு. உன் அம்மாவின் கைமணத்தை நான் தடுப்பேனா? குழந்தைக்குச் சேனை மட்டும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தடவவேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், சிசேரியனானாலும் அதேதான். மரப்பு முழுதாகப் போவதற்கு முன்பே படுத்தபடி கொடுக்க நர்ஸ் உதவுவார்.

வலிமாத்திரையைப் பல்லைக் கடித்துத் தவிர்க்காதே. பால் கொடுப்பவருக்கு ஏற்றதைத்தான் தருவார்கள். வலி அடங்கினால்தான் 24 மணி நேரத்துக்குள் எழுந்து நடப்பாய். நடந்தால்தான் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாது. வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், தையலில் சீழ், துர்நாற்றம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனையும் ரத்தப்போக்கு, இவற்றில் ஒன்று வந்தாலும் பத்தியம் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காராதே. உடனே கிளம்பு.

அக்கா, நீங்க பயந்தீங்களா?
— முதல் கடிதம் எழுதிய அதே வாசகி, மறுநாள் அனுப்பிய அட்டை

பயந்தேன் தங்கச்சி. எனக்கும் தேதி குறித்த சிசேரியன்தான். முந்தின இரவு மூன்று தடவை எழுந்து பையைச் சரிபார்த்தேன். மேசையில் படுத்ததும் கை நடுங்கியது. தலைமாட்டில் நின்ற நர்ஸம்மா என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "என்ன பேர் வைக்கப்போறீங்க?" என்று கேட்டார். பெண்ணானால் என் பாட்டி பெயர், பையனானால் இன்னும் வீட்டில் சண்டை என்று சொல்ல ஆரம்பித்தேன். பாட்டி பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் திரைக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்டுவிட்டது.