பேரேட்டுப் பட்டதாரி

உத்தியோகம் தேடுகிறவர்களில் பல ரகம் உண்டு. வந்தால் வரட்டும் என்று திண்ணைத் தூணில் சாய்ந்திருப்பவர்கள் ஒரு ரகம். வராத காரணத்தை ஜாதகக் கட்டத்தில் தேடுகிறவர்கள் இன்னொரு ரகம். இவர்களைப் பற்றி விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. உத்தியோகம் தேடுவதையே ஓர் உத்தியோகமாக வகுத்துக்கொண்டு, அதற்கென்று ஆபீஸ் நேரமும், தஸ்தாவேஜுகளும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் ஏற்படுத்திக்கொண்டு, ஐம்பதுகளின் சென்னையில் தெருவுக்கு ஒருவராக விளங்கிவந்த மகானுபாவரே இங்கே நமக்கு வேண்டியவர். திருவல்லிக்கேணியில் எங்கள் தெருக்கோடி ஒண்டுக்குடித்தனத்தில் வாசம் செய்த ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன், ஆயினும் மயிலாப்பூர்க்காரரோ மாம்பலத்துக்காரரோ, "இவர் எங்கள் தெருவில் அல்லவா இருந்தார்!" என்று உரிமை கொண்டாட வந்தால் நான் சண்டைக்கு நிற்கமாட்டேன்.

நம் கதாநாயகர் பி.ஏ. பட்டதாரி, சரித்திரம் படித்தவர், டைப்ரைட்டிங்கில் லோயர் தேறியவர். அவருடைய தாத்தா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்து, ஜப்பானியர் வந்து சேர்ந்த 1942-ல், உயிரையும் கடைக் கணக்குப் புஸ்தகம் ஒன்றையும் சுமந்துகொண்டு ஊர் திரும்பிய புண்ணியவான். அந்தப் புஸ்தகத்தில் கண்ட தொகையில் ஒரு தம்படியும் வசூலாகவில்லை. ஆனால் கணக்கு எழுதுகிற வித்தை மாத்திரம் பிதிரார்ஜிதமாகப் பேரனுக்கு வந்து சேர்ந்தது. அவனவன் விண்ணப்பத்தைத் தபாலில் போட்டுவிட்டுக் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போன காலத்தில், இவர் மட்டும் சிட்டை, நாள்வழி, பேரேடு என்று மூன்று புஸ்தகங்கள் வைத்துப் பராமரித்தார். சட்டைப் பையில் இருக்கும் சிட்டையில், பார்த்த மனிதரும் கேட்ட வார்த்தையும், மரத்தடியிலோ பஸ் நிற்குமிடத்திலோ நின்றபடியே காப்பியிங் பென்சிலால் குறிக்கப்படும். இரவு சாப்பாட்டுக்குப் பின் அது தேதிவாரியாக நாள்வழியில் ஏறும். மாதக் கடைசியில், ஆளுக்கு ஒரு பக்கமாகப் பேரேட்டில் பிரித்து எழுதப்படும். மாதக் கடைசி வாரத்தில் அவர் வேலை தேடி வெளியே போவதில்லை. கணக்கு முடிக்கிற நேரத்தில் வேலை தேட அவகாசம் ஏது?

அந்தப் பேரேட்டைப் பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. மனிதர்கள் அகராதி வரிசையில் இல்லை; தபால் பேட்டை வரிசையில் இருந்தார்கள். மதராஸ்-4 என்றால் மயிலாப்பூர், செவ்வாய்க்கிழமை. மதராஸ்-17 என்றால் தியாகராய நகர், வியாழக்கிழமை. ஒரே பஸ் செலவில் ஒரு பேட்டையிலுள்ள சகல பெரிய மனிதர்களையும் தரிசித்துத் திரும்பிவிடலாம் என்பது தாத்பரியம். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ராகு காலம் சிவப்பு மையில் குறிக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். துரதிர்ஷ்டவசமாக, மௌண்ட் ரோடு கம்பெனி மானேஜர்கள் தபாலைப் பார்த்து முடித்துவிட்டு ஆட்களைப் பார்க்கச் சம்மதிக்கிற நேரமும் ஏறக்குறைய அதுவே. ஆகையால் மௌண்ட் ரோட்டைப் பொறுத்தவரையில் அவருடைய வெள்ளிக்கிழமைகள் வீணாகவே கழிந்தன.

ஒரு பக்கத்தின் சாராம்சத்தைச் சொல்கிறேன். தலைப்பில், 'அத்தை வீட்டு மாமாவின் சம்பந்தி, துறைமுக ஆபீசில் ஸூபரின்டெண்ட், மதராஸ்-17, காப்பிக்குப் பின், பூஜைக்கு முன்' என்று எழுதியிருந்தது. கீழே, தாத்தாவின் முறைப்படி, இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. மூத்த பெண் கல்யாணத்தில் எழுதிய மொய் ரூ. 2, அதே கல்யாணத்தில் இரண்டு பந்திக்குச் சாம்பார் பரிமாறியது, 1951-ல் அவர் வீட்டுக்காக ரேஷன் கடையில் நின்றது, பேரனுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது ஆகியவை பற்றில் ஏறியிருந்தன. வரவில் கண்டது: 'அடுத்த மாதம் வா' நான்கு; காப்பி ஏழு; விஸிட்டிங் கார்டு ஒன்று, முனை மடங்கியது. வருஷக் கடைசியில் இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து ஐந்தொகை எடுத்து, யார் யார் தமக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று நிர்ணயம் செய்துகொள்வார். கடன்பட்டவர்களுக்கு இந்தச் சமாசாரம் தெரியாது என்பதுதான் இந்த முறையிலுள்ள ஒரே குறை.

'உபசாரம்' என்றும் ஒரு கலம் இருந்தது. போன வீட்டில் எங்கே உட்கார வைத்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்பது அதில் பதிவாகும்: 'திண்ணை, தீர்த்தம்', 'கூடம், காப்பி', 'ஊஞ்சல், காப்பி, முறுக்கு'. பல வருஷப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்து அவர் கண்ட முடிவு நம் ஊகத்துக்கு நேர்மாறானது. வாசற்படியிலேயே நிறுத்தி, "என்ன வேணும்? சீக்கிரம் சொல்லு" என்று அதட்டியவரிடம் ஓரளவு நம்பிக்கை வைக்கலாமாம், ஊஞ்சலில் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டாம் டம்ளரும் தருவித்து, வீட்டாரைக் கூப்பிட்டு, "இவன் யார் தெரியுமா? நம்ம ரங்கூன் கணக்குப்பிள்ளை பேரன்!" என்று பெருமிதத்தோடு பரிசயம் செய்துவைத்தவரிடம் அறவே நம்பிக்கை வைக்கலாகாதாம், செய்யவேண்டிய உபகாரம் முழுவதையும் அவர் காப்பியிலேயே செய்து தீர்த்துவிட்டாராம். சிபாரிசு சாஸ்திரத்தில் இதைவிட நுட்பமான சூத்திரம் ஒன்றை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

சிபாரிசு என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று சர்க்கார் யத்தனம் செய்யாமல் இல்லை. 1929-ல், இந்திய மாகாணங்களுக்குள் முதன்முதலாகச் சென்னையிலேதான் ஸர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. யுத்தம் முடிகிற தறுவாயில், 1945-ல், படையிலிருந்து விலகும் சிப்பாய்களுக்காக ஏற்பட்ட எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சு 1948-ல் சகலருக்கும் திறந்துவிடப்பட்டது. நம்மவர் இரண்டுக்கும் பேரேட்டில் தனித்தனிப் பக்கம் ஒதுக்கினார். எந்த வகையில் சிபாரிசு தேடினாலும் தகுதியிழக்க நேரிடும் என்று விளம்பரங்களின் அடியில் அச்சிடுவார்களே, அந்த வாசகத்தை அழகான கையெழுத்தில் முதல் பக்கத்தில் எழுதி, இரண்டு கோடுகளும் இழுத்திருந்தார். அதற்கடுத்த பக்கத்திலிருந்து சிபாரிசுக்காரர்களின் விவரம் ஆரம்பமாகிறது. எக்ஸ்சேஞ்சு கார்டைக் குறித்த தேதி தவறாமல் புதுப்பித்து வந்தார் என்பதையும் சொல்லவேண்டும். தேதியை மறந்து, பெயர் நீங்கி, மறுபடி கடைசி ஆளாகப் பதிந்துகொண்டு கண் கலங்கியவர்கள் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். கொன்னிமரா நூல்நிலையத்துக்குப் போய், சர்க்கார் சிவில் லிஸ்டைப் புரட்டி, எந்த அதிகாரி எந்த வருஷம் ரிடையராகிறார் என்று குறித்துக்கொண்டு வருவதும் அவருக்கு நித்திய கர்மாக்களில் ஒன்று. ரிடையராகப் போகிறவருக்குக் காப்பிப்பொடி வாங்கிக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லையல்லவா?

தேசத்தில் நடந்த பெரிய சம்பவங்களெல்லாம் எப்படியோ இந்தப் பேரேட்டின் தலையிலேயே வந்து விடிந்தன. 1953 மிகப் பொல்லாத வருஷம். ஏப்ரல் மாதத்தில் சென்னையில் டிராம் வண்டி நின்றுபோயிற்று; டிராம் மார்க்கத்தை அநுசரித்து அவர் அமைத்திருந்த பேட்டை வரிசை முழுவதும் குலைந்து, பஸ் மார்க்கப்படி புதிதாக எழுதவேண்டியதாயிற்று. எழுதி முடித்து மை உலர்வதற்குள் அக்டோபர் முதல் தேதி வந்தது. ஆந்திர ராஜ்யம் பிரிந்தது. கோட்டைக்குள் அவர் அரும்பாடுபட்டுச் சம்பாதித்து வைத்திருந்த தெலுங்கு அதிகாரிகள், மூட்டை முடிச்சுகளுடன் கர்நூலுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். பொட்டி ஸ்ரீராமுலுவின் தியாகத்தைக் குறித்து ஊரெல்லாம் உணர்ச்சியோடு பேசிக்கொண்டிருக்க, நம்மவர் மட்டும் சிவப்பு மையைத் தொட்டுத் தொட்டு, 'கர்நூல்', 'கர்நூல்' என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார். 1956 நவம்பரில் அதே அதிகாரிகள் ஹைதராபாத்துக்குப் போனார்கள், அதையும் திருத்தினார். அதே நாளில் மலையாளக் கரை கேரளத்தோடு சேர்ந்தது. கள்ளிக்கோட்டைப் பக்கத்துச் சிநேகிதர்கள் நால்வர் அன்னிய ராஜ்யத்தவர் ஆனார்கள். ஆனால், "நாகர்கோவில் நம்மோடு வந்துவிட்டது, அங்கே பெரியம்மா வழியில் ஒரு தாசில்தார் இருக்கிறார்" என்று அவர் தேறுதல் அடைந்ததையும் மறைப்பதற்கில்லை. எல்லைப் போராட்டத்தின் லாப நஷ்டத்தை இவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டவர் வேறொருவர் இருந்திருக்கமாட்டார்.

அடுத்தது நயா பைசா. 1957 ஏப்ரலில் புது நாணயம் வந்தபோது, இனிவரும் தபால் செலவைப் புது நாணயத்தில் எழுதினால் போதும் என்று வேறு யாரும் திருப்தி அடைந்திருப்பார்கள். அவரோ, பி.ஏ. தேறிய நாள் முதல் வாங்கிய கார்டு, கவர், ஸ்டாம்பு அத்தனைக்கும் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா வீதம் பெருக்கி எழுத உட்கார்ந்தார். அந்தக் கால் பைசாக்களை விட்டுவிடுவதா, சேர்த்துக்கொள்வதா என்கிற தர்மசங்கடத்தில் சித்திரை, வைகாசி இரண்டும் கழிந்தன. அந்தக் கோடையில் அவர் ஒரு விண்ணப்பமும் போடவில்லை. மறு வருஷம் பொங்கலன்று 'ஹிந்து' பத்திரிகை முதல் பக்கத்து விளம்பரங்களை உள்ளே தள்ளிவிட்டுச் செய்திகளை முன்னால் கொண்டுவந்ததே, அதை அவர் மன்னிக்கவே இல்லை. காலையில் வேலைக் காலத்தைத் தேடிப் பக்கங்களைப் புரட்டுவதற்குள் உலக விவகாரமெல்லாம் கண்ணில் பட்டு மனம் சிதறுகிறது என்பது அவருடைய புகார்.

இதனாலெல்லாம் பிறருக்கு உண்டான சௌகரியம் கொஞ்சநஞ்சமல்ல. "அண்ணா, ரெயில்வேயில் உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" என்று பக்கத்து வீட்டுப் பையன் வந்து நிற்பான். தெரியுமாவது! பெயர், விலாசம், எந்த வேளையில் போனால் முகம் கொடுத்துப் பேசுவார், முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் போடுகிறார், அதைப் பற்றி விசாரித்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்பது வரையில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, 'தகவல் கொடுத்த வகையில்' என்று அவன் பெயரில் பற்றும் எழுதிக்கொள்வார். பையன் காகிதத்தைக் கொண்டுபோய், தைலத்தைப் பற்றி விசாரித்து, மறு மாதமே பெரம்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிடுவான். காகிதம் எங்கே போயிற்றென்று அவனுக்கே தெரியாது. இப்படி வேலைக்குப் போனவர்களுக்கும் பேரேட்டில் பக்கங்கள் உண்டு. கல்யாணத் தரகர்கள் அவரைத் தேடி வந்தார்கள். சிபாரிசுக்காரர்களே வந்தார்கள். துறைமுக ஸூபரின்டெண்ட் ஒரு நாள் வேர்க்க விறுவிறுக்க வந்து, "ஏம்ப்பா, என் தங்கை வீட்டு விலாசம் உன்கிட்ட இருக்குமே?" என்று கேட்டபோது, "பழையதா, போன தையில் மாறின பிற்பாடா?" என்று இவர் நிதானமாகக் கேட்ட அழகை நான் நேரில் கண்டிருக்கிறேன். அந்தச் சமயத்தில்கூடத் தம்முடைய வேலை விஷயத்தை ஞாபகப்படுத்த அவருக்குத் தோன்றவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை, ஸூபரின்டெண்ட் மதராஸ்-17-ஐச் சேர்ந்தவர்.

கடைசியில், வயது வரம்பு தாண்ட இரண்டொரு மாதமே இருக்கும்போது, எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு பழுப்புக் கார்டு வந்தது. இண்டர்வியூவுக்குப் போனார். எழுதச் சொன்னார்கள், எழுதினார். கூட்டச் சொன்னார்கள், கூட்டினார். சர்க்கார் இலாகா ஒன்றில் குமாஸ்தாவாக உத்தரவு வந்துவிட்டது. தெருவே மகிழ்ச்சி அடைந்தது. ஆனால் மகிழ்ச்சி அடைந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. துறைமுக ஸூபரின்டெண்ட், "நான்தானே ஒரு வார்த்தை போட்டு வைத்தேன்!" என்றார். முழங்கால் வலிக்காரர், "என் கடுதாசு வேலை செய்திருக்கிறது" என்றார். ஹைதராபாத்திலிருந்து ஒரு வாழ்த்துக் கார்டு, தம் பங்கை நாசூக்காகக் குறிப்பிட்டுக்கொண்டு வந்தது. கிடைத்திருப்பதோ ஒரு வேலை. அதைத் தங்கள் பெயரில் வரவு வைக்கச் சொல்லி நிற்பவர்களோ ஒன்பது பேர். எல்லாருக்கும் வரவு வைத்தால் ஐந்தொகை உதைக்கும்; ஒருவருக்கு வைத்து மற்றவர்களை விட்டால் சிநேகம் கெடும்; கார்டு அனுப்பிய எக்ஸ்சேஞ்சு குமாஸ்தாவின் பெயரோ பேரேட்டிலேயே இல்லை. இரண்டு ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு விழித்திருந்துவிட்டு, மொகல் தெரு முறையில் இதற்கும் வழி உண்டென்று ஞாபகம் வந்தவராய், உத்தியோகத்தை அனாமத்துக் கணக்கில் எழுதினார்.

வேலைக்குச் சேர்ந்த மாதத்திலேயே அவருடைய மைத்துனன், அவ்வருஷம் பரீட்சை தேறியவன், ஊரிலிருந்து வந்து சேர்ந்தான். "அத்தான், உங்களுக்குத்தான் ஆகிவிட்டதே. இந்தப் பேரேடு இனி உங்களுக்கு எதற்கு? எனக்குக் கொடுங்களேன்" என்று நியாயமாகத்தான் கேட்டான். அவர் அதை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எதற்கா? என்னைப் பரமக்குடிக்கல்லவா போட்டிருக்கிறார்கள்! சென்னைக்கு மாற்றல் வாங்கவேண்டாமா? உனக்கு வேண்டுமானால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு வா. மதராஸ்-4-லிருந்து ஆரம்பித்துப் பிரதி எழுதிக்கொள். ராகு காலம் போகட்டும், பத்தரைக்கு மேல் உட்காரலாம்."