போன ஜென்மத்துக்கு ஜி.எஸ்.டி. தனி

தி.நகரில் ஒரு மாடி அறை. ஏ.சி., ஊதுபத்தி, சாய்வு நாற்காலி. கண்ணை மூடிப் பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணினால் ஹிப்னாசிஸில் முற்பிறவி வந்துவிடும். மயிலாப்பூர்க்காரர் சோழர் காலத்து ராஜகுரு. அடையாறு அம்மாள் இளவரசி. மலம் அள்ளியவர் ஒருத்தர்கூட இல்லை. போன ஜென்மத்திலும் நம்மாட்கள் சாதி மாறுவதில்லை.

"இது சயின்ஸ் சார்" என்கிறார்கள். சரி, சயின்ஸையே பேசுவோம்.

ஹிப்னாசிஸுக்கு முன்னோடியான மெஸ்மரின் 'காந்த சக்தி' வைத்தியத்தைச் சோதிக்க 1784-ல் பாரிஸில் ஒரு குழு உட்கார்ந்தது. அந்தக் குழுவில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் 'சக்தி' ஏற்றினார்கள். கண்ணைக் கட்டிக் கூட்டிவந்த பன்னிரண்டு வயதுப் பையன் நாலாவது மரத்தடியில் மயங்கி விழுந்தான். சக்தி ஏற்றிய மரம் வேறு பக்கம் சும்மா நின்றது.

1959-ல் உளவியலாளர் மார்ட்டின் ஆர்ன் இன்னும் குறும்பு செய்தார். ஹிப்னாசிஸில் எழுதும் கை விறைத்துப்போகும் என்று மாணவர்களிடம் ஒரு கதையை அளந்துவிட்டார். பிறகு ஹிப்னாடைஸ் செய்தால், பலருக்குக் கை விறைத்தே விட்டது! சோதிப்பவர் எதிர்பார்ப்பதைச் சோதிக்கப்படுபவர் செய்துகாட்டுவார் என்று உளவியல் முழுக்கவும் உஷாரானது இப்படித்தான். கனடாவில் உளவியலாளர் ஸ்பானோஸ் முற்பிறவிக்காரர்களையே சோதித்தார். ஒருவர் தன்னை ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஜூலியஸ் சீசர் என்றார், ஆண்டு கி.மு. 50 என்றார். சீசர் சக்கரவர்த்தியே ஆகவில்லை. கிறிஸ்து பிறக்குமுன் கி.மு. என்று எண்ணியவர் யார்?

அற்புதத்துக்குக் கணக்குக் கேட்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. தியாசபிகல் சொசைட்டியை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் அதிசயங்களைச் சோதிக்க 1884 டிசம்பரிலேயே இங்கிலாந்திலிருந்து ஆய்வாளர் ஹாட்ஜ்சன் அடையாறுக்கு வந்து இறங்கினார். மறு வருஷமே அவர் அறிக்கை எல்லாவற்றையும் மோசடி என்றது.

ஹிப்னாசிஸே புருடா என்று சொல்லவில்லை. வலியை அது குறைப்பது ஆய்வில் தெரிந்ததுதான். வயிறு எரிவது வேறு இடத்தில். புருஷனிடம் அடிவாங்கி வரும் பெண்ணிடம், "போன ஜென்மத்தில் நீங்கள் அவரை அடித்தீர்கள்" என்கிறான் மாடி அறைப் பாவி. அவள் போயிருக்க வேண்டியது மகளிர் காவல் நிலையத்துக்கு. தூக்கமில்லாமல் தவிக்கும் பையனுக்கு, 1871-லிருந்து மனநலம் பார்க்கும் கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் சீட்டுப் போடுவார்கள். அங்கே போனால் கௌரவம் போய்விடுமாம்!

மருத்துவச் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. மாடி அறை பில்லில் வரி தனியாகப் போட்டிருக்கிறது. இது சிகிச்சை இல்லையென்று அவர்களே எழுதி, சீல் குத்திக் கொடுக்கிறார்கள்.