டாக்டரிடம் சொல்லக்கூடாத வாக்கியம்

கேள்வி: ஆங்கிலத்தில் எந்த வினைக்குப் பின் 'டு' வரும், எதற்குப் பின் 'இங்' வரும்? ஒரே குழப்பமாக இருக்கிறதே!

பதில்: டாக்டரிடம் போய் 'ஐ ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வழியில் நின்று ஒரு தம் போட்டுவிட்டு வந்ததாக அர்த்தமாகிவிடும்! சிகரெட்டையே விட்டவர் 'ஐ ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்பார். 'ரிமெம்பர்' கதையும் இதுதான். பின்னால் 'டு லாக்' வந்தால், பூட்ட மறக்கவில்லை. 'லாக்கிங்' வந்தால், பூட்டியது ஞாபகம் இருக்கிறது. பெரும்பாலும் இனி நடக்கவேண்டியதற்கு 'டு': வான்ட், ஹோப், டிசைட். நடப்பதற்கும் நடந்ததற்கும் 'இங்': என்ஜாய், ஃபினிஷ். அவாய்டு, போஸ்ட்போன் இந்தக் கணக்குக்குள் வராமலே 'இங்' கேட்கும். மனப்பாடம் செய்வதே வழி. பொல்லாதது 'லுக் ஃபார்வர்டு டு'. அந்த 'டு' வெறும் பிரிபொசிஷன். அதனால் வேலை விண்ணப்பத்தின் கடைசி வரியில் 'டு மீட் யூ' அல்ல, 'டு மீட்டிங் யூ' என்றே எழுதுங்கள்.