பதிவு செய்த குரலுக்கு ஒரு கடிதம்

மாண்புமிகு வாடிக்கையாளர் சேவைக் குரல் அவர்களுக்கு,

என் அழைப்பு உங்களுக்கு மிகவும் முக்கியம் என்று நான்கே நாளில் பதினோரு முறை சொல்லிவிட்டீர்கள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஐப்பசி மழை பிடித்த அன்று சாயங்காலம், சீரியல் நாயகியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. அம்மா அதைக் கதையின் திருப்பம் என்றே நினைத்துவிட்டாள். பிறகு சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு. பெட்டியை அணைத்துப் போடச் சொன்னீர்கள், போட்டேன். கார்டை உருவித் துடைத்துச் செருகச் சொன்னீர்கள், செருகினேன். மூன்றாம் நாள் சாம்பிராணி காட்டச் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. பல வீடுகளில் வியாதியே ரிமோட்டில்தான். பேரப்பிள்ளை சோர்ஸ் பொத்தானை அமுக்கி, ஹெச்டிஎம்ஐ 1-ல் இருந்ததை 2-க்குத் தள்ளியிருக்கும். ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே: "செட்டாப் பாக்ஸின் மெனு திரையில் தெரிகிறதா?" தெரிந்தால் டிவியும் ஹெச்டிஎம்ஐ ஒயரும் நிரபராதிகள், பெரும்பாலும் குற்றவாளி மொட்டைமாடியில் இருக்கிறான். எங்கள் வீட்டில் மெனு பளிச்சென்று தெரிந்தது. உங்கள் வைத்தியமோ ஹாலைத் தாண்டவே இல்லை.

மழையைக் காரணம் சொன்னீர்கள். ஒப்புக்கொள்கிறேன். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளிலிருந்து வருகிற அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கனமழை அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். அத்தனை தூரம் வெட்டவெளியில் தடுமாறாமல் வந்தது, கடைசி நாலைந்து கிலோமீட்டரில் நம்மூர் மழையில் வழுக்கி விழுகிறது, பாவம். ஆனால் மழை விட்டால் எழுந்து வரவேண்டுமே? இரண்டாம் நாளே வெயிலடித்தது. கொடியில் துணி காய்ந்தது. படம் மட்டும் வரவில்லை.

ஆன்டெனா காலத்தில் ஒருவர் மாடியில் கம்பத்தைத் திருப்ப, ஒருவர் ஜன்னலில் நின்று "போச்சு, போச்சு, பழையபடி வை" என்று கத்துவார். திரை முழுக்க ஈ மொய்த்தாலும் ஒலியும் ஒளியும் பார்த்து முடித்தோம். டிஜிட்டலுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் வெறும் கருப்புத்தான்.

நான்காம் நாள் தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி மாடியேறினார். டிஷ் குடைக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்என்பியிலிருந்து ஒயரைத் திருகிக் கழற்றினார். கனெக்டரிலிருந்து தண்ணீர் சொட்டியது. நடுக்கம்பி பச்சையாகக் களிம்பேறியிருந்தது. கெட்டுப்போன நுனியை வெட்டி, புதுக் கனெக்டர் மாட்டி, டேப் சுற்றினார். ஒயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு வளைத்துக் கட்டினார். இனி மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுமாம், கனெக்டருக்குப் போகாதாம். பத்து நிமிஷம், ஒரு டீ.

அவர் டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் குறுஞ்செய்தி வந்தது: எங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டதாம். நான்கு நாள் சந்தாவும் ஒழுங்காகக் கழிந்திருந்தது. அதற்கு மட்டும் எந்த மழையிலும் சிக்னல் கிடைத்துவிடுகிறது.

ஒரு நன்றியும் சொல்லவேண்டும். அந்த நாட்களில் சாயங்காலம் ஏழரை மணிக்கு ஸ்பீக்கரில் போட்டு அம்மா கேட்டது உங்களைத்தான். குரல் நன்றாக இருக்கிறதாம். கதைதான் நகரவே இல்லையாம்.

இப்படிக்கு,
பதினோராவது முறையும் எண் 2-ஐ அழுத்தியவன்