பாடாலூர் முக்குளிப்புக் கழகம்

திருச்சியிலிருந்து ஸ்கூபா பழகப் பாண்டிச்சேரிக்குக் கிளம்பும் தம்பிமார்கள் பாடாலூரில் டீக்கு வண்டியை நிறுத்துகிறார்கள். அதற்குமேல் போவானேன்? இங்கேயே இறங்கலாம். பக்கத்து ஊரான காரையில் பத்துக் கோடி ஆண்டுக்கு முன்பு கடல்தான்; ஓடைச் சரிவுகளில் இன்னும் அம்மோனைட் புதைபடிவம் கிடைக்கிறது. கடல் போனால் என்ன, ஆழம் இருக்கிறது. கல்லை எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுப்போன குவாரிக் குழி, பாறைக்கு வெடி வைத்து வெட்டுகிற கிணறு.

பாண்டிச்சேரியில் ஏகப்பட்ட கெடுபிடி. மருத்துவப் படிவம், புதிதாய்ச் சான்றிதழ் வாங்கியவருக்கு 18 மீட்டர் எல்லை, சிலிண்டரில் 50 பார் மிச்சமிருக்கையிலேயே மேலே வா, மூச்சை அடக்கிக்கொண்டு ஏறாதே. சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரசர் அருகே வண்டிப் புகை வந்தால்கூடக் கார்பன் மோனாக்சைடு என்று பதறுகிறார்கள். நம்மூரில் வெடி வைத்த கிணற்றில் அது இலவசம். நிறமில்லை, மணமில்லை. பெரியவர்கள் கயிறு கட்டி இறக்கிப் பார்க்கும் அரிக்கேன் விளக்கு அதற்கு அணையாது, ஆள்தான் அணைவான்.

இருவராகத்தான் இறங்க வேண்டும் என்பது ஸ்கூபாவின் விதி. இங்கும் உண்டு: ஒருவன் மயங்கினால் இன்னொருவன் உடனே இறங்கிச் சாக வேண்டும். 2020 ஜூலையில் பெரம்பலூர் மாவட்டம் செல்லியம்பாளையத்தில், கிணற்றுக்குள் மயங்கியவரைத் தூக்க இறங்கிய தீயணைப்பு வீரர் ஒருவரும் விஷவாயுவில் இறந்தார். காப்பாற்றுவதையே தொழிலாகப் படித்தவருக்கே அந்தக் கதி. வெங்காயத்துக்குத் தண்ணீர் தேடிக் கிணறு வெட்டுபவனுக்கு லோன் தரும் ஆபீசு எதுவும், கூடவே ஒரு வாயு மீட்டரும் தந்து யாராவது பார்த்ததுண்டா?

குவாரிக் குழிக்கு வேலி போட வேண்டும் என்று 1961-லேயே சுரங்க விதிமுறை எழுதியாகிவிட்டது. வேலி எங்கே என்று கேட்டால், சாமி, பலகை இருக்கிறதே! 'ஆழமான பகுதி, குளிக்காதீர்'. ஆடு மேய்க்க வந்த பையன் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வழுக்கிவிடும்.

ஸ்கூபா வீரர் இங்கும் வருவார், பிணம் தேட.

இப்படிச் செத்தால் போலீசில் முன்பு பிரிவு 174 போடுவார்கள். 2024 ஜூலை முதல், புதுச் சட்டத்தில், பிரிவு 194. சுளையாக இருபது முன்னேறியிருக்கிறோம். வாசகம் மட்டும் அதேதான்: 'தவறி விழுந்து'. குழியைத் தோண்டிய குத்தகைக்காரர் பெயரை எழுத அந்தக் காகிதத்தில் இடம் கிடையாது. அவர் அடுத்த ஊரில் புதுக் குழிக்கு மனுப் போட்டிருக்கிறார். ஆபீசில் அவருக்கு நாற்காலி போட்டு டீ வாங்கி வைத்திருக்கிறார்கள்.